முன்னே போகும் சிவப்பு

"யோசிச்சுச் சொல்றேன் சார்" என்று லோசனி சொன்னது கோகிலவாணியின் காதில் விழுந்திருக்கவே வேண்டியதில்லை. கார் சாவியை வாங்கப் போனவள், துறைத்தலைவரின் அறைக்கதவு பாதி சாத்தியிருப்பதைப் பார்த்து வெளியிலேயே நின்றுவிட்டாள். கதவைத் தட்டுவதற்குக்கூட அவள் கொஞ்சம் தைரியத்தைத் திரட்டிக்கொள்ள வேண்டும். திரட்டிக்கொண்டிருந்த நேரத்தில்தான் உள்ளேயிருந்து சாரின் குரல் வந்தது. "உன்னத் தவிர இன்னும் ஒருத்தருக்குத்தாம்மா அவங்க ஒத்துக்கிறாங்க. ஆறு மாசம் புனேயில, அவங்க கம்பெனி டிராக்லயே வேலை. நீ போறது முடிவான விஷயம். உன்கூட கோகிலவாணி வர்றதா, ஷெரின் வர்றதா, அத நீயே சொல்லிரு. இன்னைக்கு ஓட்டிப் பாத்து முடிச்சதும் ஒரு போன் போடு." அதற்குத்தான் லோசனி அப்படிச் சொன்னாள். யோசித்துச் சொல்கிறாளாம்.

இப்போது கிணத்துக்கடவைத் தாண்டி, தொழிற்பேட்டை வரப்போகிறது என்று போட்டு, தொழிற்பேட்டை மட்டும் வராமல் போன அகலச் சாலையில், முன்னால் போகும் வெள்ளைக் காரைப் பார்த்தபடி வாடகைக் காரின் முன்சீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும் அந்த வார்த்தை பல்லிடுக்கில் மாட்டிய கீரை நாராக உறுத்திக்கொண்டிருந்தது. யோசிக்க இதில் என்ன இருக்கிறது. கோகிதான் சார் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். தாகமாக இருக்கிறவளிடம் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால் யோசித்தா சொல்லுவாள். யோசிக்கிறாள் என்றால் அங்கே இரண்டு தட்டு இருக்கிறது, ஒரு தட்டில் தன்னை ஏற்றி இன்னொன்றில் ஷெரினை ஏற்றித் தூக்கிப் பார்க்கிறாள் என்றுதானே அர்த்தம். இரண்டு வருஷமாக ஒரே மேஜை, ஒரே டப்பாவில் தயிர்சாதம், விடுதியில் எதிரெதிர் கட்டில், அதெல்லாம் ஒரு தட்டில். வந்து நாலு மாதமான ஒருத்தி மறு தட்டில். அப்படியும் முள் நடுவில் நின்று ஆடுகிறதா. இல்லை, லோசனி அப்படிப்பட்டவள் இல்லை, சாருக்கு முன்னால் பட்டென்று ஒரு பெயரைச் சொன்னால் சலுகை காட்டுவதுபோல இருக்குமே என்று நாசூக்காகச் சொல்லியிருப்பாள். இருக்கலாம். ஆனால் நாசூக்கு எல்லாம் லோசனிக்கு எப்போது இருந்தது? மெஸ்ஸில் சாம்பார் தண்ணீராக இருந்தால் சமையல்காரரைக் கூப்பிட்டு "அண்ணே, இதுல குளிக்கவா, சாப்பிடவா" என்று கேட்கிற தேவகோட்டைக்காரி அவள். நாசூக்கு இல்லாதவள் யோசிக்கிறாள். அப்படியானால். அதற்கு மேல் அந்த நினைப்பு நகராமல் திரும்ப முதலிலிருந்து தொடங்கியது.

"ஏனுங் அம்மணி, போலாங்களா? முன்னால கையக் காட்டறாங்" என்றார் திருமூர்த்தி. வாடகைக் கார் அவருடையது. வாரத்தில் மூன்று நாள் இவர்களுக்காக இந்தச் சாலையில் போய்ப் போய்த் திரும்புவதை அவர் தன் வீட்டில் எப்படி விளக்கியிருப்பார் என்று கோகிலவாணி யோசித்ததுண்டு. முன் காரின் ஜன்னலிலிருந்து நீண்டு ஆடிய கை ஷெரினுடையது. வளையல் போடாத, ஒல்லியான, கூச்சமே இல்லாத கை. "போலாங்ண்ணா" என்றாள். டாஷ்போர்டில் பெட்டி இருந்தது. சாப்பாட்டு டப்பா அளவு. முன்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிவப்புக் கண்ணாடி. ஆய்வகத்தில் அதற்குக் 'கண்' என்று பெயர். முன் காரின் பின்விளக்கு பார்ப்பவர்களுக்கு அசையாத சிவப்பு. உண்மையில் அது அணைந்து அணைந்து எரிகிறது, மனிதக் கண் பிடிக்க முடியாத வேகத்தில். அந்தத் துடிப்பில்தான் சேதி போகிறது: என் வேகம் இவ்வளவு, வலது பக்கம் ஒதுங்குகிறேன், பிரேக்கை அழுத்திவிட்டேன். பின்னால் வரும் காரின் கண் அதைப் படித்து, மடியில் இருக்கும் லேப்டாப்பில் எழுதும். பிரேக் என்றால் உடனே கீச்சென்று கூவும். கூவியதும் முகப்பு விளக்கின் துடிப்பில் 'கிடைத்தது' என்று முன் காருக்குப் பதில் போகும். கம்பி இல்லை, ரேடியோ இல்லை, இரண்டு வண்டிகளும் வெளிச்சத்தாலேயே பேசிக்கொள்ளும். ஆனால் ஒன்றையொன்று நேராகப் பார்த்தால்தான் பேச்சு. இடையில் ஒரு டெம்போ நுழைந்தாலும் இரண்டும் ஊமை. கண் கோகிலவாணி செய்தது. விளக்கு முதலில் லோசனி செய்தது. இப்போது எரிவது ஷெரின் செய்தது. லோசனியின் விளக்கைவிடத் தூரம் போகிறது. அதை லோசனியே முதலில் கைதட்டிச் சொன்னாள்.

கைதட்டிச் சொன்னாள் என்பது நினைவுக்கு வந்ததும் கோகிலவாணி முன் காரின் பின்கண்ணாடியைப் பார்த்தாள். பார்க்கக் கூடாது என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொண்டுதான் கிளம்புகிறாள். பார்ப்பதுதான் அவள் வேலை என்பதால் தப்பிக்க வழியில்லை. விளக்கைப் பார்க்கிற பார்வை ஒரு சாண் மேலே ஏறினால் அங்கே இரண்டு தலைகள். வலது பக்கம் ஓட்டுகிற லோசனி, கொண்டை ஊசியைக் குத்தி மேலே தூக்கிய முடி. இடது பக்கம் ஷெரின், வெட்டிவிட்ட சுருட்டை. விளக்கு ஒவ்வொரு கணமும் தன்னைப் பற்றி எல்லாவற்றையும் இவளுக்குச் சொல்கிறது, வேகம், தூரம், திசை. அதற்கு ஒரு சாண் மேலே நடக்கிற பேச்சில் ஒரு எழுத்துகூட வந்து சேர்வதில்லை. சுருட்டைத் தலை வலப்பக்கம் திரும்புகிறது. கொண்டை லேசாக ஆடுகிறது. ஆமாம் என்கிறாளா, இல்லை என்கிறாளா. இப்போது சுருட்டை முன்னால் குனிந்து பின்னால் சாய்கிறது: சிரிப்பு. சத்தம் கேட்காத சிரிப்பு எத்தனை பெரியதாக இருக்கிறது. லோசனியின் தோளும் குலுங்குகிறது. லோசனி வண்டி ஓட்டும்போது பேசமாட்டாளே. போன வருஷம் இவள் அந்த இடது சீட்டில் உட்கார்ந்திருந்த நாட்களில், "கோகி, ரோட்டப் பாக்கணும், அப்புறம் சொல்லு" என்பாள். இவளும் சொல்ல வந்ததை மடித்து வைத்துக்கொள்வாள். கார் நின்ற பிறகு எடுத்தால் அது சொல்லத் தகுந்ததாகவே இருக்காது. ஷெரினிடம் ரோட்டைப் பார்க்க வேண்டாம் போலிருக்கிறது. அல்லது ஷெரின் சொல்வது மடித்து வைக்கிற மாதிரி இல்லாமல் அங்கேயே வெடிக்கிற மாதிரி இருக்கிறது. இவளால் அப்படி ஒன்றைச் சொல்ல முடியாது. இவள் ஒரு நகைச்சுவையை யோசித்து முடிப்பதற்குள் மற்றவர்கள் அடுத்த பேச்சுக்குப் போயிருப்பார்கள். யோசித்துச் சொல்கிறவள் உண்மையில் இவள்தான்.

லேப்டாப்பில் வரிகள் ஓடின. ஒன்றும் தவறவில்லை. ஷெரினின் விளக்கு கெட்டிக்கார விளக்கு. தவறினால் தேவலை என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்தில் போகாமல் கொஞ்சம் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனது. ஷெரின் கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும். மார்த்தாண்டத்திலிருந்து வரும்போது மரச்சீனிக் கிழங்கு வறுவல் கொண்டுவந்து முதல் பொட்டலத்தை இவளிடம்தான் நீட்டினாள். "எக்கா, லோசனிக்காக்குக் குடுக்காதீங்க, அவிய ஒரே இருப்புல தீத்துருவாவ, இது உங்களுக்கு மட்டும், கேட்டியளா." இவள் நன்றி என்றாள். நன்றி! கூடப் படிக்கிற பெண்ணிடம் யாராவது நன்றி என்பார்களா. அந்த வறுவல் இன்னும் அலமாரியில் திறக்காமல் இருக்கிறது, நமத்திருக்கும். இன்னொரு நாள் இவள் சர்க்யூட் பலகையில் ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்று, "உங்க கைக்கு ஒரு முத்தம் குடுக்கணும் எக்கா, இம்புட்டு சின்னப் புள்ளிய எப்படி வெக்கிதீங்க" என்றாள். லோசனி இரண்டு வருஷத்தில் அந்தப் புள்ளிகளைப் பார்த்ததில்லை. அதற்காகவே ஷெரினைப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கத்தான் செய்தது, பிடித்த இடத்திலேயே எரிந்தது. நேற்று மெஸ்ஸில் லோசனி அவளை "ஷெரு" என்று கூப்பிட்டாள். கோகிலவாணியைக் கோகி என்று கூப்பிட அவளுக்கு ஒரு மழைக்காலம் ஆனது. ஷெரினுக்கு நாலு மாதத்தில் ஷெரு. பெயரைப் பாதியாக்கினால் ஆள் பக்கத்தில் வந்துவிடுகிறாள்போல.

சாலை முடிகிற இடத்தில் இரண்டு கார்களும் திரும்பின. திரும்பி வரும்போது அளப்பதில்லை. சாயங்காலத்தில் கிழக்கே போகும்போது மட்டுமே அளப்பார்கள். மேற்கே போனால் இறங்குகிற சூரியன் நேராகக் கண்ணுக்குள் கொட்டி, விளக்கு சொல்வது எதுவும் கேட்காது. காலையில் என்றால் இதுவே தலைகீழ். வெளிச்சத்தை வைத்துப் பேசுகிற இவர்களுக்குப் பெரிய வெளிச்சம்தான் எதிரி என்று சாலையில் ஓட்டிப் பார்த்த முதல்நாள் சார் சொன்னபோது லோசனி இவள் பக்கம் குனிந்து, "மாமியார் வீட்டுக்கு வந்தா மாதிரி இருக்கும்ல" என்றாள். இவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இப்போது வெயில் முகத்தில் அடிக்க, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று காரை எதிர்த்துத் தள்ளியது. தூரத்தில் காற்றாலைகள் அவசரமில்லாமல் சுற்றின. "இந்தப் பொட்டி கூவறதுக்குப் பழகிட்டனுங் அம்மணி" என்றார் திருமூர்த்தி. "நேத்து ஊட்டுக்காரியக் கூட்டீட்டு உக்கடம் போனனா, முன்னால பஸ்ஸு நிக்குது, நா பாட்டுக்குப் போறேன். அவ தலையில ஒரு கொட்டு வெக்கறா. ஏண்டின்னா, கண்ணு தெரீலியாங்கறா. கூவுனாத்தான நிறுத்தோணும்னு நெனச்சுட்டு இருக்கறேன்!" அவர் சிரித்தார். இவளும் சிரித்ததாக அவர் எடுத்துக்கொள்ளும்படி உதட்டை வைத்துக்கொண்டாள். புனே எப்படி இருக்கும். அங்கே குளிரும் என்கிறார்கள். லோசனிக்குக் குளிர் ஆகாது, மூக்கு அடைத்துக்கொண்டால் ராத்திரி எழுந்து உட்கார்ந்துவிடுவாள், அப்போது வெந்நீர் போட்டுத் தரத் தெரிந்தவள் யார். ஷெரின் போட்டுத் தருவாள். நன்றாகவே போடுவாள். பாட்டும் பாடுவாள். ஆறு மாதம் இங்கே இவள் அந்த மேஜையில் ஒரு பக்கம் காலியாக வைத்துக்கொண்டு, யாரோடும் பேசாமல், பேச வேண்டிய அவசியமும் இல்லாமல், காலையில் வாட்ச்மேனுக்கு ஒரு வணக்கம், மாலையில் ஒரு வணக்கம். இடையில் தன் குரல் இருக்கிறதா என்று சரிபார்க்க அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஏதாவது சொல்லிப் பார்க்க வேண்டியிருக்கும்.

அவளுக்குக் குரல் இருப்பதைக் கண்டுபிடித்தவளே லோசனிதான். சேர்ந்த புதிதில் இவள் கருத்தரங்கில் பேச ஏறி, முதல் படத்தைப் போட்டு, நின்றுவிட்டாள். முன்வரிசையில் ஒரு பேராசிரியர் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தார். அப்போது பின்னாலிருந்து அதுவரை பேசியே இராத ஒருத்தி எழுந்து, "மேடம், ஒரு சின்ன டவுட்டு, இந்தக் கண்ணாடி ஏன் சிவப்பா இருக்கு?" என்று கேட்டாள். அதைவிட எளிய கேள்வி உலகத்தில் கிடையாது. மற்ற நிறத்தை வெளியே நிறுத்துவதற்கு என்றாள் இவள். "அப்ப வெயில்?" வெயிலிலும் சிவப்பு இருக்கிறது, அதனால்தான் சிக்கல் என்றாள். ஒன்றின் பின் ஒன்றாகக் கேட்டுக் கேட்டு, கிணற்றிலிருந்து வாளியை இழுப்பதுபோல அவள் பேச்சு முழுவதையும் லோசனி வெளியே இழுத்துவிட்டாள். அன்றைக்கு அவள் முகத்தை மட்டும் பார்த்துப் பேசினாள் கோகிலவாணி. அன்றிலிருந்து அவள் முகத்தை மட்டும் பார்த்துத்தான் பேசுகிறாள். நேராகப் பார்த்தால்தான் பேச்சு. இப்போது இடையில் ஒரு சுருட்டைத் தலை.

மறுபடி கிழக்கே. நிழல்கள் கார்களுக்கு முன்னால் ஓடின. வேகம், தூரம், வேகம், தூரம். ஒவ்வொரு சேதியின் வாலிலும் எட்டு எழுத்துக்கு இடம் காலியாக விட்டிருப்பார்கள். கணக்குக்கு வேண்டாத இடம் அது. முன் காரில் கீபோர்டு வைத்திருப்பவர் அதில் ஏதாவது ஒரு வார்த்தை போட வேண்டும், பின்னால் அது கோணாமல் வந்தால் எல்லாம் சரி என்று அர்த்தம். சோதனை ஒன்று, சோதனை இரண்டு என்று போட்டால் போதும். அந்த இடத்துக்கு வேறு வேலை கொடுத்தவள் லோசனி. ஆய்வகத்தில் மேஜையின் இரு முனையில் இரண்டு பலகையை வைத்து முதல்முதலாக வெளிச்சத்தில் ஒரு வார்த்தை தாண்டிய நாளில், இவள் பக்கத்துத் திரையில் வந்து நின்றது 'குயில்'. ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். இவள் நிமிர்ந்து பார்த்தாள். "கோகிலம்னா குயில்தானடி? பேச மாட்டேங்கிற, கூவவாவது செய்" என்றாள் லோசனி. அதற்குப் பிறகு அந்தப் பெயரை அவள் வாயால் சொன்னதே இல்லை. வெளிச்சத்தில் மட்டும் அனுப்புவாள், அதுவும் எப்போதாவது, வேலை நன்றாக நடந்த நாளில். வாயால் சொல்லாத பெயர் என்பதாலேயே அது யாருக்கும் தெரியாது. சொந்த ஊரான கோபியில் இருக்கும் அம்மாவுக்குத் தெரியாது. இருவருக்கும் நடுவில் இருந்த அந்த ஒரு சாண் காற்றுக்கு மட்டும் தெரியும். இன்று கீபோர்டு ஷெரினிடம். முதல் ஓட்டத்தில் 'டீ எப்ப?' என்று வந்தது. இவள் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தாள். இப்போது வரிகள் ஓடிக்கொண்டிருக்க, வால் மாறியது. 'குயில்'. அடுத்த வரியிலும் 'குயில்'. அடுத்ததிலும். கோணாமல், ஒரு எழுத்தும் பிசகாமல், திரை நிறைய, குயில், குயில், குயில்.

முன்னால் சுருட்டைத் தலை திரும்பிப் பின்கண்ணாடி வழியாக இவளைப் பார்த்துச் சிரித்தது. சொல்லிவிட்டாள். லோசனி அதையும் எடுத்துக் கொடுத்துவிட்டாள். தயிர்சாத டப்பாவைப் பகிர்வதுபோல, அலமாரிச் சாவியைக் கொடுப்பதுபோல. எப்போது சொன்னாள், எந்தப் பேச்சின் நடுவில், சிரித்துக்கொண்டா, இவளுக்கு நான் ஒரு பேர் வெச்சிருக்கேன் தெரியுமா என்றா. இரண்டு வருஷம் இவள் வாயில்கூடப் போட்டுப் பார்க்காமல் வைத்திருந்ததை அவள் ஒரு தோள் குலுக்கலில் கொடுத்திருக்கிறாள். யோசித்துச் சொல்கிறேன் சார். இனி எதற்கு யோசிப்பு, எல்லாம் யோசித்தாகிவிட்டது, புனேயில் அந்த இரண்டு பேரும் ஒரு பெயரை வைத்துக்கொண்டு சிரிப்பார்கள், அங்கே ஒரு குயில் இருந்துச்சு, கூவவே கூவாது. காதுமடல் சுட்டது. திரையில் அது நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது, நிறுத்தச் சொல்லி அவளிடம் சொல்ல வழியில்லை, கத்தினால் கேட்காது, கண்ணை மூடினாலும் ஓடும். கோகிலவாணி கையை நீட்டி, வேர்த்த உள்ளங்கையால் அந்தச் சிவப்புக் கண்ணாடியை மூடினாள்.

திரை நின்றது. அப்படி ஒரு அமைதி. 'தொடர்பு இல்லை' என்று ஒரு வரி வந்து அதுவும் அசையாமல் இருந்தது. கண்ணாடி உள்ளங்கைக்கு இதமான சூட்டில் இருந்தது. "என்னாச்சுங் அம்மணி, வெயிலுங்களா?" என்றார் திருமூர்த்தி, அவள் கையைப் பார்த்து. "ஆமாங்ண்ணா, வெயில் அடிக்குது" என்றாள். சொன்ன பிறகுதான் அது பொய் என்பது அவளுக்கே தெரிந்தது. அத்தனை இயல்பாக வந்தது. இது ஷெரினின் கணக்கில்தான் போகும் என்ற எண்ணமும் அதன் பின்னாலேயே வந்தது, அழைக்காமல் வருகிற விருந்தாளி மாதிரி. அடுத்த பிரேக்குக்குப் பதில் வராவிட்டால் முன்காரில் சிவப்பு எச்சரிக்கை எரியும். விளக்கு செத்துவிட்டது என்று நினைப்பார்கள். கெட்டிக்கார விளக்கு, தூரம் போகிற விளக்கு, ஓட்டத்தின் நடுவில் செத்துவிட்ட விளக்கு. சாரிடம் சொல்லும்போது லோசனி என்ன சொல்வாள். கையை எடுத்துவிட வேண்டும். எடுக்கிறேன். இன்னும் கொஞ்ச நேரம். அந்தப் பெயர் மறுபடி ஓட ஆரம்பிக்கும், அது ஓயட்டும், எடுக்கிறேன். சாலையோரக் கருவேலமரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு ஆட்டுக்கூட்டம் ஏறியது. வெள்ளைக் கார் நின்றது. பின்விளக்கு பளீரென்று சிவந்ததை அவள் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள், பெட்டி கூவவில்லை. "அய்யய்யோ" என்று திருமூர்த்தி பிரேக்கின் மேல் ஏறி நின்றார். டயர் கத்தியது. லேப்டாப் மடியிலிருந்து தெறித்தது. வெள்ளைக் காரின் பின்கண்ணாடியில் சுருட்டைத் தலையும் கொண்டையும் ஒன்றாகத் திரும்பின, அந்த முகங்கள் பெரிதாகிக்கொண்டே வந்து, ஒரு கை தொலைவில் நின்றன.

ஆடுகள் ஒன்றும் நடக்காததுபோலச் சாலையைக் கடந்தன. கடைசிக் குட்டி நடுவில் நின்று இவர்களைப் பார்த்துவிட்டு ஓடியது. முதலில் இறங்கியவள் ஷெரின். "எக்கா, அடி பட்டுதா? கை காணட்டு" என்று இவள் பக்கத்து ஜன்னலில் வந்து நின்றாள், முகம் வெளுத்திருந்தது. "எனக்க போர்டுதான் எக்கா. பிரேக்கு அழுத்தினதும் கரண்டு ஏறி செத்துருக்கும். நான் நேத்தே அந்த ஒரு ரெசிஸ்டர மாத்தணும்னு நெனச்சேன், சோம்பேறித்தனம், என்ன செருப்பால அடிக்கணும்." இவள் குனிந்து, கீழே கிடந்த லேப்டாப்பை எடுத்தாள். "அதுக்கு முன்ன நல்லா கிட்டிச்சுல்லா? குயிலு கிட்டிச்சா?" என்றாள் ஷெரின், உதட்டில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு. "லோசனிக்காதான் சொன்னாவ. குயிலுன்னு போடு, காலையில இருந்து மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கா, பாத்தா சிரிச்சிருவான்னு. அதென்ன எக்கா குயிலு? கேட்டா சொல்ல மாட்டேங்காவ, அது எங்களுக்குள்ளன்னு." பதிலுக்கு நிற்காமல் அவள் தன் காரின் பின்பக்கம் ஓடி, டிக்கியைத் திறந்து, சூடான பலகையை வெறுங்கையால் தொட்டு, ஸ்ஸ் என்று விரலை உதறி, மறுபடி தொட்டாள்.

எங்களுக்குள்ள. கோகிலவாணி அந்த வார்த்தையைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தாள், அது வழுக்கிக்கொண்டு போனது. சொல்லவில்லை. கொடுக்கவில்லை. சிரிக்க வைக்கப் பார்த்திருக்கிறாள். அப்படியானால் அந்த யோசனை, அந்தத் தோள் குலுக்கல், எல்லாம் வேறு எதுவாகவோ இருந்திருக்கலாம். இப்போதே இறங்கிப் போய்ச் சொல்லிவிடலாம். ஷெரினின் விரலைப் பிடித்து, போர்டு நன்றாகத்தான் இருக்கிறது, விடு என்று சொல்லலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்பதற்கு எந்த எளிய கேள்வியிலிருந்து தொடங்குவது. லோசனி வந்துகொண்டிருந்தாள், மெதுவாக, ஆடுகள் போன பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு. "அண்ணே, என்ன, தூங்கிட்டீங்களா?" என்றாள் திருமூர்த்தியிடம். அவர் இறங்கி நின்று துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நானெங்கம்மா தூங்கறேன், பொட்டி கூவலீங். கூவுமின்னு நம்பிப் போறேன். அம்மணியும் பாவம், வெயில் அடிக்குதுன்னு கையிய வெச்சு மறைச்சுட்டேதான் வந்தாங். ரொம்ப நேரமா." சொல்லிவிட்டு டயரைப் பார்க்கக் குனிந்தார்.

லோசனியின் கண் கீழே போனது. அவளுடைய நிழலும், காரின் நிழலும், திருமூர்த்தியின் குனிந்த நிழலும் எல்லாம் கிழக்கே, சாலையின் மேல் நீளமாகக் கிடந்தன. சூரியன் இரண்டு கார்களுக்கும் பின்னால், மலைக்கு மேலே இருந்தது. அவள் நிழலைப் பார்த்தாள், சூரியனைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு ஜன்னல் வழியே பெட்டியைப் பார்த்தாள். புழுதி படிந்த சிவப்புக் கண்ணாடியில் ஐந்து விரலும் உள்ளங்கை ரேகையும் ஈரம் காயாமல் பதிந்திருந்தன. கோகிலவாணி அவள் முகத்தைப் பார்த்தாள். வேறு எங்கே பார்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்த முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தாள். கோபம் வந்தால் தேவலை. தேவகோட்டைக் குரலில் நாலு வார்த்தை வந்தால் அழுதாவது முடிக்கலாம். "கோகி" என்றாள் லோசனி. அவ்வளவுதான். கேள்விகூட இல்லை. டிக்கிக்குள் தலையை விட்டிருந்த ஷெரின், "எக்கா, நான் பத்து நிமிசத்துல மாத்திருகேன், சார்ட்ட சொல்லாண்டாம்" என்று அங்கிருந்தே கத்தினாள்.

லோசனி போனை எடுத்து, அங்கேயே நின்று, காதில் வைத்தாள். "சார், லோசனி. ... ஆமா சார், முடிஞ்ச மாதிரிதான். ... விளக்கு நல்லா இருக்கு சார், ஒரு குறையும் இல்ல. ... ஷெரினக் கூட்டிட்டுப் போறேன்." போனைப் பையில் போட்டாள். காற்றில் பறந்த துப்பட்டாவின் முனையைப் பிடித்து, ஜன்னல் வழியாகக் கையை உள்ளே நீட்டி, ஷெரின் டிக்கியிலிருந்து தலையை எடுப்பதற்குள், கண்ணாடியிலிருந்த கைத்தடத்தை அழுத்தித் துடைத்தாள்.